ஐந்து நிமிஷத் தூரம் – 14: மறுசுற்று

சாவுச் செய்தியைச் சொல்லத் தம்பி மினாஸுக்கு அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. விடியறதுக்குள்ள. இன்னைக்கு மத்தியானமே அடக்கம்."

கலிட்சா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. அதை இறக்கி வைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் வரேன். இன்னைக்கு பிளேன் இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா நேர்ச்சுற்று, அக்கா."

"நேர்ச்சுற்றா?"

"ஆமா. எங்க ஆபீஸ்ல இப்பத்தான் சொன்னாங்க. நீ ஏறினா நேரா ரோடோஸ்தான். நாளைக்குத்தான் இங்க வரலாம். அதுவரைக்கும் அம்மாவை வச்சிருக்க முடியாது. மெழுகுவத்தி ஏத்தி வச்சு அங்கேயே அழுதுக்கோ."

போன் வைக்கப்பட்டது. எதிர்ப்பக்கம் பேசி முடிக்கும் முன்பே போனை வைத்துவிடுவது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள நல்ல பழக்கம்.

நேர்ச்சுற்று, மறுசுற்று என்ற இரண்டு சொல்லும் தெரியாமல், கலிட்சா வாழ்க்கைப்பட்ட காசோஸ் தீவில் யாரும் குடித்தனம் நடத்த முடியாது. ரோடோஸிலிருந்து கிளம்பும் அந்தக் குட்டி விமானம் முதலில் கார்பதோஸ், பிறகு காசோஸ், பிறகு மறுபடி ரோடோஸ் என்று போனால் நேர்ச்சுற்று. முதலில் காசோஸ், பிறகு கார்பதோஸ் என்று வந்தால் மறுசுற்று. மறுசுற்று நாளில் காசோஸிலிருந்து, அம்மா வீடு இருக்கிற கார்பதோஸ் ஐந்தே நிமிஷம். பெல்ட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து ஆளிடம் சௌக்கியமா என்று கேட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். நேர்ச்சுற்று நாளிலோ ரோடோஸ் போய், ராத்தங்கி, மறுநாள் வந்து சேர வேண்டும். இரண்டு தீவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. தூரம் என்னவோ அதேதான். எந்த நாள் எந்தச் சுற்று என்பது மட்டும் காற்றைப் பார்த்துக் காலையில்தான் முடிவாகும்.

கப்பலைக் கேட்கவே வேண்டாம். வடகாற்று பிடித்துக்கொண்டு மூன்று நாளாக எந்தப் படகும் துறையை விட்டு அசையக் கூடாது என்று தடை.

எனவே கலிட்சா தம்பி சொன்னதை நம்பினாள். கார்பதோஸ் விமான நிலையத்தில் இரண்டு கையிலும் துடுப்பு மாதிரிப் பலகை பிடித்து விமானத்தை வழிகாட்டி நிறுத்துகிறவனே சொல்லும்போது வேறு யாரைக் கேட்பது?

இதுவரை கூட வந்தவர்களுக்கு இந்த வீட்டுச் சங்கதி தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. கார்பதோஸில் தாயின் சொத்தெல்லாம் மூத்த மகளுக்கு. அவளுக்குக் கனகாரா என்று பெயர். பாட்டியின் வீடு, ஒலிவத் தோப்பு, கழுத்து நிறையத் தங்கக் காசு, பாட்டியின் பெயர்கூட அவளுக்குத்தான். இரண்டாவதாகப் பிறந்தவளுக்கு அந்த வீட்டின் அடுப்படி. அதுவும் சொந்தமாக அல்ல, தேய்த்துக் கழுவுவதற்கு.

ரிகோபூலா கனகாரா. கலிட்சா இரண்டாவது. முப்பது வயது வரைக்கும் அக்கா வீட்டுப் பாத்திரம் கழுவினாள், அக்கா பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், அக்கா வாடகைக்கு விட்ட அறைகளில் சுற்றுலா வந்த வெளிநாட்டுக்காரர்களின் படுக்கையை உதறினாள். மீன் விற்க வந்த காசோஸ்காரன் லியாஸ், இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஒன்று கிடையாதா என்று கேட்டான். கேட்டதோடு நிற்காமல் கூட்டிக்கொண்டும் போய்விட்டான். ரிகோபூலாவுக்கு வந்த கோபம் குடும்ப மானத்தைப் பற்றியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சம்பளம் இல்லாத வேலைக்காரி போன கோபம் அது.

இரண்டு வருஷமாகக் கலிட்சா ஞாயிறு தவறாமல் போன் செய்தாள். ரிகோபூலா ஒரே பதிலை வைத்திருந்தாள்: "அம்மாவுக்கு உன் குரலே ஆகலை. நான் கண்ணை மூடற வரைக்கும் அவ என் வாசலை மிதிக்கக் கூடாதுன்னுட்டா. நான் என்ன பண்ண?"

ஊராரிடம் வேறொன்று சொன்னாள். "அஞ்சு நிமிஷம். பிளேன்ல அஞ்சே நிமிஷம். பெத்தவளை வந்து பார்க்க அந்த மகராசிக்கு உடம்பு வளையலை."

போன வருஷம் அம்மாவின் பெயர்த் திருநாளுக்குக் கலிட்சா ஒரு டப்பா பாதாம் பலகாரத்தோடு வந்ததையும், ரிகோபூலா வாசலிலேயே டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியதையும் பார்த்தோம். தெருவில் நின்று மாடியைப் பார்த்து, "அம்மா! நான்தாம்மா, கலிட்சா!" என்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டாள். மாடி ஜன்னல் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அம்மா தன்னை வெறுத்துவிட்டாள் என்று முழுசாக நம்பினாள்.

இப்போது அந்த அம்மா இல்லை.

கலிட்சா கொல்லைப்புறம் வந்து துவைகல்லில் உட்கார்ந்தாள். காப்பிக் கறை பட்ட ஏப்ரனைக் கழற்றவில்லை. எதிரே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் கார்பதோஸின் தெற்கு முனை பழுப்பாக நீண்டு கிடந்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒன்றுக்குப் போக முடியாது என்பதை மனசு ஏற்கத்தான் வேண்டியிருந்தது.

லியாஸ் தைத்துக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் தோளில் கை வைத்தான்.

"முகத்தையாவது பார்த்திருக்கலாம்," என்றாள் அவள். "என்னைத் திட்டிக்கிட்டே செத்திருந்தாலும் பரவாயில்லை லியாஸ். அந்த முகத்தை ஒருதரம் பார்த்திருக்கலாம்."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம் கேட்டது.

ஊசி மாதிரி மெல்லிசாக, உயரத்திலிருந்து.

கலிட்சா தலையை நிமிர்த்தினாள். லியாஸும் நிமிர்த்தினான். காசோஸ்காரர்களுக்கு இது பால்குடிக்கும்போதே பழகிய காது. நேர்ச்சுற்று விமானம் கார்பதோஸிலிருந்து கடலை உரசிக்கொண்டு வரும். ஐந்து நிமிஷப் பறப்புக்கு ஏறி இறங்குவானேன் என்று தாழவே வந்து, கோழிகளை எல்லாம் சிதறடிக்கும். மறுசுற்று விமானம்தான் ரோடோஸிலிருந்து உயரத்தில் வந்து, மலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு இறங்கும்.

சத்தம் மலைக்கு மேலே திரும்பியது.

"உயர வருது," என்றான் லியாஸ் மெதுவாக.

"உயரத்தான் வருது," என்றாள் கலிட்சா. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "மறுசுற்று. மறுசுற்று லியாஸ்! அவன் பொய் சொல்லிட்டான். என் தம்பி என்கிட்ட பொய் சொல்லிட்டான். வண்டியை எடு!"

காசோஸ் விமான நிலையம் ஊரை ஒட்டினாற்போல்தான். இருந்தாலும் அந்த ஓட்டை மோட்டார் சைக்கிள் அன்று போன வேகத்தில் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போகப்போவதில்லை. இவர்கள் வாசலில் போய் நின்றபோது விமானத்தின் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. ஏறுகிறவர்கள் ஏறியாகிவிட்டது. கதவைச் சாத்தப் போனார்கள்.

சீட்டுக் கொடுக்கும் ஸ்டமாதா கலிட்சாவின் முகத்தைப் பார்த்தாள், ஏப்ரனைப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு?"

"எங்கம்மா."

"ஐயோ. போனவ போயிட்டா, உனக்கு ஆயுசு கிடைக்கட்டும். ஓடு, ஓடு! நான் நிறுத்தச் சொல்றேன். லியாஸ், நீ இங்க வா, பேரு விவரமெல்லாம் நீ சொல்லு." சொல்லிக்கொண்டே ஸ்டமாதா கதவைத் திறந்து, ஓடுபாதையைப் பார்த்து ஊரே அதிரும்படி கத்தினாள். விமானம் நின்றது. பெரிய ஊரில் இதெல்லாம் நடக்காது.

கலிட்சா கைப்பை இல்லாமல், கறுப்புத் துணி இல்லாமல், காலில் வீட்டுச் செருப்போடு ஏறி உட்கார்ந்தாள்.

விமானம் கிளம்பியது. இனி ஐந்து நிமிஷம்.

அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் அழவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. கார்பதோஸில் சாவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி பாடுவார்கள். ஈரடி ஈரடியாகக் கட்டி, பெட்டிக்கு அருகில் நின்று பாட வேண்டும். பாடுகிறவளை யாரும் குறுக்கே நிறுத்தக் கூடாது. ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் எதிர்வாதம் பேசக் கூடாது, மனஸ்தாபமும் கொள்ளக் கூடாது. வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காத மருமகள்கூட அன்றைக்குத் திறப்பாள், ஊர் கேட்டுக்கொண்டு நிற்கும். பாதிரியாரின் கைமணி சத்தம் கேட்டால் முடிந்தது. அதற்குமேல் ஒரு அடி பாடினாலும் பாவம்.

ரிகோபூலா எதற்குப் பயந்தாள் என்பது கலிட்சாவுக்கு இப்போது பளிச்சென்று புரிந்தது. அம்மாவின் பெட்டிக்கு முன்னால் இரண்டாவது மகள் நின்று, 'நான் வராமல் இருக்கவில்லை, வரவிடவில்லை' என்று பாடிவிட்டால் அக்காவின் இரண்டு வருஷப் பேச்சும் ஒரே அடியில் சரிந்துவிடும்.

கீழே கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. கலிட்சா உதடு அசைய அடி கட்டினாள். கட்டினாள், கலைத்தாள், மறுபடி கட்டினாள்.

*வராதேன்னு நீ சொன்ன சொல்லை வாங்கி நின்னேன் என் தாயே,*
*வந்த மகளைப் பாக்காமத்தான் வாய மூடிப் போனாயே!*

ஈரடி முடிந்தது. சக்கரம் தரையைத் தொட்டது. ஐந்து நிமிஷம் அவ்வளவுக்குத்தான் போதும்.

ஜன்னல் வழியே மினாஸ் தெரிந்தான். மஞ்சள் மேல்சட்டை, இரண்டு கையிலும் சிவப்புத் துடுப்பு. வாயால் நிறுத்தப் பார்த்த அக்காவை இப்போது இரண்டு கையாலும் 'வா, வா' என்று அழைத்துக்கொண்டிருந்தான். பாவம், அது அவன் உத்தியோகம்.

படியில் இறங்குகிற கலிட்சாவைப் பார்த்ததும் துடுப்புகள் அப்படியே கீழே தொங்கின.

"நேர்ச்சுற்றுன்னியேடா."

"காலையில அப்படித்தான் சொன்னாங்க… அப்புறம் மாத்திட்டாங்கக்கா."

"மாத்தினதும் ஒரு போன் பண்ண உன் கை முறிஞ்சா போச்சு?"

மினாஸ் தரையைப் பார்த்தான். அந்த வேலை ரிகோபூலாவின் புருஷன் பேசி வாங்கிக் கொடுத்தது. அந்த வீட்டில் வாங்கியதற்கெல்லாம் கடைசி வரைக்கும் தலையைக் குனிய வேண்டும்.

"வண்டியை எடு," என்றாள் கலிட்சா.

"நான் டூட்டியில…"

"செத்தது உனக்கும் அம்மாதான்."

அவனுடைய பழைய பிக்கப் வண்டி கிளம்பியது. கிளம்பியது என்றுதான் பெயர். ஆடு மேய்க்கிறவன்கூட முந்திப் போகலாம், அப்படி ஓட்டினான். வழியில் பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் ஓரம் கட்டினான்.

"எண்ணெய் கொஞ்சம் கம்மியா இருக்கு…"

கலிட்சா கதவைத் திறந்து இறங்கி, ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தாள். வீட்டுச் செருப்பு சரளைக்கல்லில் வழுக்கியது. பங்க்கில் நின்ற இரண்டு பேர் பார்த்தார்கள். மினாஸுக்கு அது தாங்கவில்லை. பின்னாலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறுக்கா. ஊர் பாக்குது."

"அதுக்காவது பயப்படறியே."

ஏறினாள். ஸ்டீயரிங்கைப் பிடித்த அவன் விரல்களில், நகக்கண் எல்லாம் வெள்ளையாக அப்பியிருந்தது.

"அது என்ன வெள்ளை?"

"அதுவா? பெயின்ட். ஓடுபாதைக் கோடு அடிச்சோம்." பதில் முந்திக்கொண்டு வந்தது.

அப்போது வண்டியில் செருகியிருந்த அவன் போன் அடித்தது. 'பெரியக்கா' என்று காட்டியது. மினாஸ் கை நீட்டுவதற்குள் கலிட்சா பொத்தானை அழுத்தினாள். ரிகோபூலாவின் குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

"என்னடா, பிளேன் போச்சா? அந்தச் சனியன் அங்கேயே உக்காந்து மூக்கைச் சிந்தட்டும். பாதிரியாரை முன்னாடியே வரச் சொல்லிட்டேன். நீ நேரா கல்லறைக்கு வந்துடு. கையை நல்லா கழுவிட்டு வா, கேட்டியா?"

"வந்துக்கிட்டே இருக்கேன் பெரியக்கா," என்றாள் கலிட்சா. "அஞ்சு நிமிஷம்தான்."

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

அந்தப் போனை எடுத்திருக்கக் கூடாது என்பது கலிட்சாவுக்கு வீட்டுத் தெருவில் திரும்பும்போதுதான் தெரிந்தது. சத்தம் தெருமுனைக்கே வந்தது. ரிகோபூலா பாட ஆரம்பித்துவிட்டாள்.

பெரிய வீடு. வாசல் முழுக்கச் செருப்புகள், உள்ளே கறுப்புத் துணிப் பெண்கள். நடுவில் பெட்டி, பெட்டியில் அம்மா எர்னியா. கலிட்சாவுக்கு வழிவிட்டார்கள். ஏப்ரனையும் செருப்பையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார்கள்.

அம்மாவின் முகம் சின்னதாகிப் போயிருந்தது. கலிட்சா குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். தலைத்துணி விலகியது. உள்ளே முடி இல்லை. இடுப்பு வரை பின்னித் தொங்கவிடுகிற அம்மாவின் முடியை ஆட்டு ரோமத்தைக் கத்தரிப்பதுபோல ஒட்ட வெட்டியிருந்தார்கள். கலிட்சா துணியை இழுத்து மூடிவிட்டாள்.

ரிகோபூலா பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். கழுத்தில் தங்கக் காசு மாலை, இடுப்பில் சாவிக்கொத்து. தங்கச்சியைப் பார்த்தும் பாட்டை நிறுத்தவில்லை. குரலை ஏற்றினாள்.

*அஞ்சு நிமிசப் பயணமம்மா, ஆகாசம் தூரமில்ல,*
*கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டோமே, வந்து பாக்க நேரமில்ல!*

பெண்கள் தலையை ஆட்டினார்கள். யாரோ ஒருத்தி உச்சுக்கொட்டினாள். அந்த உச்சு யாருக்கு என்று கலிட்சாவுக்குத் தெரியும்.

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டு மரூக்லா அத்தை அவள் கையைக் கிள்ளினாள்.

"குறுக்கே பாடாதேடி. அவ முடிக்கட்டும்."

"அவ முடிக்க மாட்டா அத்தை."

"முடிப்பா. மூச்சுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ரிகோபூலாவின் மூச்சு பெரிய மூச்சு.

*பாலில் ரொட்டி நனைச்சு நனைச்சு ஊட்டிவிட்ட கையிது,*
*கடலைத் தாண்டிப் போனவளே, உன் கையி எங்கே போனது?*

பாட்டனைக் கூப்பிட்டாள், பாட்டியைக் கூப்பிட்டாள், தோப்பில் உள்ள மரத்தையெல்லாம் அழச் சொன்னாள். ஒரு ஈரடிக்கும் அடுத்த ஈரடிக்கும் நடுவே நூல் நுழைய இடம் விடவில்லை. கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பாதிரியார் வர வேண்டும், மணி அடிக்க வேண்டும், தங்கச்சி வாய் திறக்காமலே பெட்டி கிளம்ப வேண்டும். கலிட்சா எந்த வழக்கத்தை நம்பிப் பறந்து வந்தாளோ அதே வழக்கத்தால் அக்கா அவள் வாயைக் கட்டிப்போட்டாள். அவள் புத்திசாலிதான், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

கலிட்சா தன் ஈரடியை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு இடைவெளி கிடைத்தால் போதும்.

பாதிரியார் வருவதாகக் காணோம். ரிகோபூலா வியர்த்தாள். பாடிய பொய்யையே எத்தனை தரம் பாடுவது? ஒப்பாரிக்குச் சரக்கு வேண்டும், கண்ணால் பார்த்தது வேண்டும். செத்தவள் எப்படி இருந்தாள், எங்கே நின்றாள், என்ன செய்தாள் என்று அடிக்கு அடி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், வாய் தானாக ஓடியபோது, நாக்கு நிஜத்தில் போய் விழுந்தது.

*விமானம் வர சத்தம் கேட்டா விழிச்சுப் பாத்த என் தாயே,*
*குனிஞ்ச சன்னல் கம்பி வழியா குறுகிக் குறுகி நின்னாயே!*

பாடி முடித்த பிறகுதான் என்ன பாடினோம் என்பது அவளுக்கே கேட்டது. வாய் திறந்தபடியே நின்றது.

தலையை ஆட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

"மாடி ஜன்னலுக்குக் கம்பி ஏது?" என்றாள் மரூக்லா அத்தை. அவள் யாரையும் கேட்கவில்லை. சும்மா வாய்விட்டு யோசித்தாள். "மாடியில எல்லாம் பெரிய கண்ணாடி இல்ல போட்டிருக்கா, வாடகைக்கு வர்ற வெளிநாட்டுக்காரனுக்காக."

"குனிஞ்ச ஜன்னல்னா…" என்று இன்னொருத்தி ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

அந்த வீட்டில் குனிந்து பார்க்கிற ஜன்னல் ஒன்றுதான் உண்டு. கம்பி போட்டது. கொல்லைப்புறத்தில், ஆட்டுக்கொட்டடியில். கலிட்சாவுக்கு அதை நன்றாகத் தெரியும். கொட்டடியைக் கழுவிவிட்டுக் களைத்துப்போய் அந்த ஜன்னலருகில்தான் உட்காருவாள். அதிலிருந்து பார்த்தால் கடலும், கடலுக்கு அப்பால் காசோஸும் தெரியும். காசோஸிலிருந்து எழும்பி வருகிற விமானம் தெரியும்.

இப்போது எல்லாப் பெண்களும் கலிட்சாவைப் பார்த்தார்கள். ரிகோபூலா நிறுத்திவிட்டாள். இடைவெளி கிடைத்துவிட்டது. இனி அவள் முறை.

கலிட்சா வாயைத் திறந்தாள். 'வராதேன்னு நீ சொன்ன சொல்லை' என்று ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் அம்மா அப்படிச் சொல்லவே இல்லையே!

அம்மா சொல்லவில்லை. சொன்னவள் அக்கா. அம்மா ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் எழுந்து, கூனிக் குறுகி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதில் வருவாளா, இதில் வருவாளா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். போன வருஷம் தெருவில் நின்று மாடியைப் பார்த்து அம்மா அம்மா என்று கத்தியபோது அம்மா மாடியில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டடியில் இருந்தாள். கேட்டிருக்குமா? கேட்டிருந்தால் என்ன குரல் கொடுத்திருப்பாள்? யார் வாயைப் பொத்தினார்கள்?

கட்டி வந்த ஈரடி பொய்யாகிப் போனது. வேறு ஈரடி வரவில்லை.

வாசலில் கைமணி அடித்தது. பாதிரியார் வந்துவிட்டார்.

ரிகோபூலா தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கச்சியின் பக்கம் சாய்ந்து, பெண்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"பாடறதுக்குத்தானே பறந்து வந்தே? பாடறதுதானே? அடுப்படியில வளர்ந்ததுக்கு வாய் வருமா?"

நாலு ஆண்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் இடதுபக்கம் மினாஸ். கல்லறைக்குப் போகிற பாதை கொல்லைப்புறத்தைச் சுற்றித்தான் போகிறது. மூத்தவள் பெட்டிக்குப் பின்னால், இரண்டாவது அவளுக்கும் பின்னால் என்பது வழக்கம். கலிட்சா வரிசையில் நிற்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து கொட்டடிக்குப் போனாள். கதவில் புதுப் பூட்டு. சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் குனிந்தாள். கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. கட்டில் இல்லை, துணி இல்லை, ஒரு குவளை இல்லை. நாலு சுவரும் பளீரென்று வெள்ளையாக இருந்தன. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சுவரிலிருந்து இறங்கித் தரையில் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. விடியற்காலையில் செத்தவளுக்கு மெழுகுவத்தி ஏற்றும் முன்னால் யாரோ உட்கார்ந்து சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள்.

கம்பியைப் பிடித்த கலிட்சாவின் கையிலும் சுண்ணாம்பு ஒட்டியது. ஈரமாக, வெள்ளையாக, நகக்கண்ணில்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டி பக்கத்தில் வந்துவிட்டது. மினாஸின் கை பெட்டியின் விளிம்பைப் பற்றியிருந்தது. கழுவித்தான் இருந்தான். நகக்கண்ணில் போகவில்லை. பெரியக்கா சொன்னபடி நன்றாகக் கழுவவில்லை.

கலிட்சா அவனோடு ஒட்டி நடந்தாள்.

"மினாஸ்," என்றாள் மெதுவாக. "ஓடுபாதைக்குக் காலையில எத்தனை கோடு போட்டே?"

மினாஸ் அடி தவறினான். பெட்டி முன்பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் அலறினார்கள். மற்ற மூன்று பேரும் பிடித்து நிறுத்தினார்கள். நிமிர்ந்தபோது அவன் முகம் முழுக்கக் கண்ணீர். வாய் ஏதோ சொல்ல வந்தது.

"நடடா!" என்றாள் ரிகோபூலா பின்னாலிருந்து. அவள் கை இடுப்புச் சாவியை இறுகப் பிடித்திருந்தது. பிறகு கலிட்சாவிடம், "நீ எதுக்கு முன்னாடி போறே? உன் இடத்துக்கு வா. சாயங்காலம் எதுல திரும்பிப் போறதா உத்தேசம்? பிளேன் போயாச்சு."

"போகட்டும்," என்றாள் கலிட்சா. சுண்ணாம்புக் கையைத் துடைக்காமல், அம்மாவின் பெட்டி மேல் வைத்தாள். வெள்ளையாக அஞ்சு விரலும் பதிந்தது. "மூணாம் நாள் கல்லறையில ஒப்பாரி உண்டில்ல பெரியக்கா? அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். உன் கொட்டடியில படுத்துக்கறேன்."